பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பாட்டனைத் தேடிப் பிடிப்பது எப்படி?

பேரனுக்குப் பள்ளியில் வம்சவரைபடம் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கத்தை நான் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டேன். மருமகன் அமெரிக்கர், பூர்வீகம் ஒஹாயோ. "என் தாத்தாவின் தாத்தா உள்நாட்டுப் போரில் இருந்தார்" என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆறு மாத விசாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்த எனக்கு வெளியே முழங்கால் அளவு பனி, நடக்கும் தூரத்தில் ஒரு பொது நூலகம், கையில் வேண்டிய மட்டும் நேரம். அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு பயணங்களில் அது ஒரு தடித்த கோப்பாகிவிட்டது.

அமெரிக்கக் குடும்பத்தோடு சம்பந்தம் செய்துகொண்ட வீடுகள் இப்போது நம்மிடையே நிறைய. என்னைப் போல் ஒன்றும் தெரியாமல் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குத் தாமதமாகப் புரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாட்டனை நேரே தேடினால் பாதி வழியில் நின்றுவிடுவீர்கள். அவருடைய மனைவி, தம்பி, மைத்துனன், பக்கத்துப் பண்ணைக்காரர் என்று சுற்றியிருந்தவர்களைத் தேடுங்கள். அவர்கள் நடுவில் அவரும் இருப்பார்.

வீட்டிலிருந்து பின்னோக்கி

தெரிந்த ஆளிடமிருந்து தொடங்கித் தெரியாத ஆளை நோக்கிப் போக வேண்டும். மருமகன், அவர் அப்பா, தாத்தா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். பிறந்த தேதி, ஊர், மணம், இறப்பு, உடன்பிறந்தார் என்று எழுதி, ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே அது எங்கிருந்து வந்தது என்பதையும் குறித்துவிடுங்கள். "அத்தை சொன்னது" என்றாலும் அப்படியே எழுதுங்கள். இதைச் செய்யாமல் விட்டதால் முதல் மாதத்தில் நான் சேர்த்ததில் பாதியை மறுபடி தேட வேண்டியிருந்தது.

பரணில் பழைய பைபிள் இருக்கிறதா என்று சம்பந்தி வீட்டில் கேளுங்கள். நம் வீடுகளில் ஜாதகக் கட்டோடு பிறந்த நேரம் குறித்து வைப்பதுபோல, அந்தக் காலத்து அமெரிக்கக் குடும்பங்கள் பைபிளின் நடுவிலுள்ள வெற்றுத் தாள்களில் பிறப்பு, மணம், இறப்பை எழுதி வைப்பார்கள். கிடைத்தால், அந்தப் பைபிள் அச்சான ஆண்டை முதலில் பாருங்கள். 1870இல் அச்சான பைபிளில் 1830ஆம் ஆண்டுப் பிறப்பு ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால் அது நினைவிலிருந்து பின்னால் எழுதியது.

கணக்கெடுப்புத் தாள்கள்

அமெரிக்காவில் 1790 முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தனிநபர் விவரம் உள்ள தாள்களை 72 ஆண்டுகள் கழித்தே பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள். 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. எனவே 1950இல் தாத்தாவைப் பிடித்து, அங்கிருந்து பத்துப் பத்தாகப் பின்னால் போகலாம். ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இதை இலவசமாகப் பார்க்கலாம். கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். மார்மன் திருச்சபை நடத்தும் தளம் அது. ஆன்செஸ்ட்ரி கட்டணத் தளம் என்றாலும், பல பொது நூலகங்கள் தங்கள் கட்டடத்துக்குள் அதை இலவசமாகப் பார்க்க விடுகின்றன. சந்தா கட்டுமுன் நூலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எல்லாக் கணக்கெடுப்பும் ஒன்றல்ல. 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் இத்தனை வயதுக்குள் ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று வெறும் எண்ணிக்கையாகப் போய்விடுவார்கள். 1850இல்தான் அடிமைகள் அல்லாத ஒவ்வொருவர் பெயரும் வயது, தொழில், பிறந்த மாநிலத்தோடு வருகிறது. ஆனால் யார் யாருக்கு என்ன உறவு என்று அதில் இருக்காது. ஒரே வீட்டில் 40 வயது ஆணும் 22 வயதுப் பெண்ணும் நான்கு குழந்தைகளும் இருந்தால் அந்தப் பெண் இரண்டாம் தாரமா, தங்கையா, மூத்த மகளா என்பது உங்கள் ஊகம்தான். உறவு முறையும் தாய் தந்தை பிறந்த மாநிலமும் 1880இல்தான் சேர்ந்தன. 1900இல் பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை ஆண்டு, பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர் எத்தனை என்றெல்லாம் கேட்டார்கள். அந்தக் கடைசி இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

1890 இல்லை. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீயில் அதில் ஒரு பகுதி எரிந்தது. புகையிலும் நீரிலும் நனைந்து மிஞ்சியதைப் பிற்பாடு அரசாங்கமே அழித்துவிட்டது. சில ஆயிரம் பெயர்களே மிச்சம். 1880இல் குழந்தையாக இருந்தவள் 1900இல் வேறு வீட்டு மருமகளாக, வேறு குடும்பப் பெயரோடு நிற்பாள். நடுவில் நடந்ததற்கு வேறு சான்று தேட வேண்டும்.

வயதை நம்பாதீர்கள். ஆபிரகாம் லிங்கன் வீட்டுக் கணக்கே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் மனைவி மேரி பிறந்தது 1818 டிசம்பரில். 1850ஆம் ஆண்டுத் தாளில் அவருக்கு 28 வயது, 1860இல் 35. பத்து ஆண்டில் ஏழு வயதுதான் கூடியிருக்கிறது. உண்மை வயதோ 31, 41. குடியரசுத் தலைவராகப் போகிறவர் வீட்டிலேயே இப்படி என்றால், வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போன பண்ணை வீடுகளை என்ன சொல்வது? ஐந்து வயது முன்பின் விட்டுத்தான் தேட வேண்டும்.

பெயர் என்னும் பொறி

எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். கணக்கெடுப்பாளர் காதில் விழுந்ததை எழுதினார். நூறு ஆண்டு கழித்து இன்னொருவர் அதைத் தப்பாகப் படித்து அகரவரிசையில் சேர்த்தார். இதற்காகவே சவுண்டெக்ஸ் என்ற ஒலிக்குறியீட்டை உருவாக்கினார்கள். ஸ்மித், ஸ்மைத், ஷ்மிட் மூன்றுக்கும் அதில் ஒரே குறியீடு. பழைய கையெழுத்தில் இரட்டை எஸ் வந்தால் முதல் எஸ் நீண்டு எஃப் போலத் தெரியும். ஜெஸ்ஸி என்பவர் ஜெஃப்ஸி ஆகி எங்கோ கிடப்பார். தேடுபெட்டியில் குடும்பப் பெயரையே விட்டுவிட்டு, முதல் பெயர், பிறந்த மாநிலம், கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) மட்டும் கொடுத்துப் பாருங்கள். எங்கள் ஆள் எனக்கு அப்படித்தான் கிடைத்தார்.

செல்லப் பெயர்கள் நமக்குப் புதிதல்ல. கிருஷ்ணமூர்த்தி கிட்டு ஆவதுபோல மேரி பாலி ஆவாள், சாரா சாலி ஆவாள், மார்கரெட் பெகி ஆவாள். ஒரே பெண் மூன்று ஆவணத்தில் மூன்று பெயரில் இருப்பாள். உறவுச் சொற்களும் வழுக்கும். ஒரே ஊரில் சீனியர், ஜூனியர் என்று இருவர் இருந்தால் அப்பாவும் மகனும் என்று முடிவு கட்டக் கூடாது. ஒரே பெயருள்ள மூத்தவர், இளையவர் என்று பிரித்துக் காட்டவும் அப்படி எழுதினார்கள்.

ஆளே அகப்படவில்லை என்றால் இறந்துவிட்டார் என்று கோடு போட்டுவிடாதீர்கள். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குத் தெரிந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனை எடுத்துக்கொள்ளுங்கள். 1822இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்தவர். 1847இல் யாழ்ப்பாணம் போய், மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். 1857இல் ஊர் திரும்பி, 1862இல் மறுபடி போய், 1873இல் வந்துவிட்டார். பெயர் பெயராக எழுதிய 1850, 1860, 1870, 1880 ஆகிய நான்கு கணக்கெடுப்புகளில் இரண்டின்போது அவர் மானிப்பாயில் இருந்திருக்கிறார்! இப்படிப்பட்டவருக்கு மிஷன் ஆவணங்களைப் பார்க்க வேண்டும். அவரை அனுப்பிய அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கத்தின் தாள்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அல்லது அண்ணனைத் தேடலாம். அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவாக முன்நின்றவர். 1903இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது செய்தித்தாள்கள் பத்தி பத்தியாக எழுதின. தம்பிக்கு வழி அண்ணன் வீட்டு வாசல் வழியாகவும் இருக்கும்.

கவுண்டி எது?

மாநிலம் தெரிந்தால் போதாது. மண உரிமம், உயில், கிரயப் பத்திரம் எல்லாம் பெரும்பாலும் கவுண்டி நீதிமன்றத்தில் இருக்கும். மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்கு நியூ இங்கிலாந்துப் பகுதியில் பிறப்பு, மணம், இறப்பெல்லாம் ஊர் அலுவலகத்தில். கவுண்டி எல்லைகள் அடிக்கடி மாறியவை. வர்ஜீனியாவில் பிறந்தார் என்று தாளில் இருந்தால் அந்த ஊர் இன்று மேற்கு வர்ஜீனியாவில் இருக்கலாம். அது தனி மாநிலமானதே 1863இல்தான். ஊர் இன்று எந்தக் கவுண்டியில் என்பதைவிட, அந்த ஆண்டில் எந்தக் கவுண்டியில் என்று பார்க்க வேண்டும்.

பிறப்பு இறப்புப் பதிவு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1841 முதல் உண்டு. தெற்கே பல மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் வந்தது; ஜார்ஜியாவில் 1919. பதிவு இல்லாத இடத்தில் கல்லறைக் கல் உதவும். ஃபைண்ட் எ கிரேவ் தளத்தில் கற்களின் படங்கள் இருக்கின்றன. "10 மார்ச் 1863 அன்று இறந்தார், வயது 41 ஆண்டு 5 மாதம் 2 நாள்" என்று கல் சொன்னால், கழித்துப் பாருங்கள்: 8 அக்டோபர் 1821 பிறந்த நாள். படத்தில் கல் தெரிகிறதா என்று பாருங்கள். கல்லில் இல்லாததைத் தளத்தில் யாரோ தட்டச்சு செய்து வைத்திருப்பதும் உண்டு. செய்தித்தாள்களுக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா இலவசம்.

உள்நாட்டுப் போர் பென்ஷன் கோப்பு

இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த புதையல் இது. 1861 முதல் 1865 வரை நடந்த போரில் வடக்குப் படையில் இருந்தவருக்கும், அவர் விதவைக்கும், சார்ந்திருந்த தாய்க்கும்கூட மத்திய அரசு பென்ஷன் கொடுத்தது. தென்படை வீரர்களுக்கு மத்திய அரசு கொடுக்கவில்லை. அந்தந்தத் தென்மாநிலங்கள் பின்னாளில் கொடுத்தன, அவற்றின் கோப்புகள் மாநில ஆவணக் காப்பகங்களில் இருக்கும்.

முதலில் பென்ஷன் பெயர்ப்பட்டியல் அட்டையைப் பிடியுங்கள். ஃபேமிலிசர்ச்சில் இருக்கிறது. வீரர் பெயர், படைப்பிரிவு, விதவை பெயர், விண்ணப்ப எண் எல்லாம் ஒரே அட்டையில். அந்த எண்ணைக் குறித்து, வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கட்டணம் கட்டி முழுக் கோப்பின் நகல் கேட்க வேண்டும். முழுக் கோப்பு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

காசு கொடுக்கும் அரசாங்கம் ஆயிரம் சான்று கேட்கும். அந்தத் தொல்லைதான் நமக்கு லாபம். விதவை, தான் மணமானதை நிரூபிக்க வேண்டும், பிள்ளைகள் பிறந்த தேதியை நிரூபிக்க வேண்டும். பதிவு அலுவலகம் இல்லாத ஊரில் அவள் என்ன செய்வாள்? பிரசவம் பார்த்த பெண்மணியையும், மணத்துக்கு வந்திருந்த அண்டை வீட்டாரையும் அழைத்துச் சத்தியப் பத்திரம் கொடுப்பாள். 1898இல் பென்ஷன் அலுவலகம் உயிரோடிருந்த வீரர்களுக்கு ஒரு கேள்வித் தாள் அனுப்பியது. மனைவி பெயர் என்ன, அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் என்ன, எங்கே எப்போது யார் மணம் செய்து வைத்தார், முன்பு வேறு மணம் உண்டா, உயிரோடுள்ள பிள்ளைகள் யார், எப்போது பிறந்தார்கள் என்று கேட்டது. வம்சாவளி எழுதுகிறவரே தயாரித்ததுபோன்ற தாள் அது.

எங்கள் கோப்பில் அந்தத் தாள் இருந்தது. நடுங்கும் கையெழுத்து. அதற்கும் பின்னால் ஒரு பக்கம் ஓரம் பிசிறுபிசிறாக நகலாகியிருந்தது. என்னவென்று உற்றுப் பார்த்தால், பைபிளிலிருந்து கிழித்தெடுத்த பக்கம். விதவை சான்றுக்காகத் தன் பைபிளையே கிழித்து அனுப்பியிருக்கிறாள். திரும்பி வரவே இல்லை. சம்பந்தி வீட்டில் பைபிள் ஏன் கிடைக்கவில்லை என்பது அப்போது புரிந்தது.

1900 கணக்கெடுப்பில் அவளுக்கு எதிரே பெற்றது எட்டு, இருப்பது ஆறு என்று இருந்தது. ஆறு பேரும் எனக்குத் தெரியும். மற்ற இருவரையும் எந்தக் கணக்கெடுப்பிலும் காணவில்லை. கிழித்த பக்கத்தில் இருந்தார்கள். ஒன்று 1872இல் பிறந்து பதினோரு நாள் இருந்த ஆண் குழந்தை. மற்றொன்று 1875இல் பிறந்து 1877இல் இறந்த பெண். இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவில் வந்து போய்விட்டார்கள்.

மனைவியின் பிறந்த வீடு

நம் ஊரில் இனிஷியல் அப்பாவைச் சொல்லும். அமெரிக்கக் குடும்பப் பெயர் ஆண் வழியில் பல தலைமுறை இழுத்துக்கொண்டு போகும், ஆனால் மணமான அன்றே பெண்ணின் வழியை அறுத்துவிடும். அவள் யார் மகள் என்பதற்கு நாலைந்து தந்திரங்கள் உண்டு. பிள்ளைகளின் நடுப் பெயரைப் பாருங்கள். தாய் வழிக் குடும்பப் பெயரை அங்கே வைக்கும் பழக்கம் இருந்தது. பிள்ளைகளில் நீண்ட நாள் இருந்தவரின் இறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கலாம். 1880 தாளில் வீட்டில் மாமியாரோ மைத்துனனோ தங்கியிருந்தால் அந்தக் குடும்பப் பெயரே விடை. எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கெடுப்பில் அவர்கள் இருக்கும் தாளுக்கு முந்தைய பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் படியுங்கள். கணக்கெடுப்பாளர் வீடு வீடாக நடந்தவர். வரிசையில் பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் நிஜமாகவே பக்கத்து வீடு.

எங்கள் ஆளின் இரண்டாவது மகனுக்கு ஒரு வினோதமான நடுப் பெயர். 1870 தாளில் மூன்று வீடு தள்ளி அதே குடும்பப் பெயரில் ஒரு வயதான தம்பதி. அந்தக் கிழவரின் உயிலைக் கவுண்டிப் பதிவுகளில் தேடினேன். "என் மகள் இன்னாள், இன்னாரின் மனைவி, அவளுக்கு ஒரு பசுவும் இறகு மெத்தையும்" என்று இருந்தது. கணவன் பெயர் எங்கள் ஆள். நிலமெல்லாம் மகன்களுக்கு, மகளுக்குப் பசு. நமக்குத் தெரியாத கதையா?

உயில்களைத் தேட இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. 2024 முதல் ஃபேமிலிசர்ச்சில் கையெழுத்து ஆவணங்களைக் கணினியே படித்து, எந்தச் சொல்லை வைத்தும் தேட விடுகிறது. உயில், பத்திரம் இரண்டுக்கும் இது பெரிய கொடை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவராக நம் ஆள் வேறொருவர் பத்திரத்தில் கிடப்பதும் இப்படித்தான் தெரியவரும்.

கறுப்பினக் குடும்பம் என்றால்

1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமை அட்டவணைகளில் முதலாளியின் பெயர்தான் இருக்கும். அடிமைகள் வயது, பால், நிறம் என்று பெயரில்லாத வரிகளாக இருப்பார்கள். விடுதலை பெற்ற பெரும்பாலோரின் பெயர் முதலில் வரும் கணக்கெடுப்பு 1870. அதற்கு முன்னால் போக, ஃப்ரீட்மென்ஸ் சேவிங்ஸ் வங்கியின் கணக்குப் பதிவேடுகளைப் பாருங்கள். விடுதலை பெற்றவர்களுக்காக 1865இல் தொடங்கி 1874இல் திவாலான வங்கி அது. பணம் போட்டவர்கள் பலர் பணத்தை இழந்தார்கள். கணக்குத் தொடங்கியபோது சொன்ன விவரம் மட்டும் நின்றுவிட்டது. பிறந்த ஊர், தாய், தந்தை, உடன்பிறந்தார், சில பதிவுகளில் பழைய முதலாளி பெயரும்கூட. முதலாளி யார் என்று தெரிந்துவிட்டால் அவருடைய சொத்துப் பட்டியலைத் தேட வேண்டும். அதில் மாடு, வண்டி, மனிதர் எல்லாருக்கும் எதிரே டாலரில் விலை இருக்கும். படிக்க மனம் வராது. பெயர் இருப்பதோ அங்கேதான்.

நிலம், கப்பல்

1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் நிலம் பெற்று, ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்தவருக்குப் பட்டா கிடைத்தது. பட்டாவின் படம் அரசின் நிலப் பதிவுத் தளத்தில் இலவசம். அதன் பின்னாலுள்ள கோப்பு தேசிய ஆவணக் காப்பகத்தில். வீடு எத்தனை அறை, என்ன விதைத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்தவர் என்றால் 1820 முதல் கப்பல் பயணிகள் பட்டியல் உண்டு. நியூயார்க்கில் இறங்கியவர்கள் 1855 முதல் 1890 வரை காசில் கார்டன் என்ற குடியேற்ற நிலையம் வழியாக வந்தார்கள். பிற்காலத்து நிலையமான எல்லிஸ் தீவு திறந்ததே 1892இல். "எல்லிஸ் தீவில் அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார்" என்று எல்லாக் குடும்பத்திலும் சொல்வார்கள். பயணிகள் கப்பலில் ஏறும்போதே எழுதி வந்த பட்டியலைப் பார்த்துத்தான் அதிகாரிகள் சரிபார்த்தார்கள். பெயரைப் பின்னால் தாங்களே மாற்றிக்கொண்டவர்கள்தான் அதிகம்.

ஆயத்த மரங்கள்

தளங்களில் பிறர் போட்டு வைத்த வம்ச மரங்கள் ஏராளம். எங்கள் ஆளுக்கே ஒன்பது மரங்கள் இருந்தன. ஒன்றில் அவர் தாய்க்கு ஒன்பது வயதிருக்கும்போது அவர் பிறந்திருக்கிறார். மற்ற எட்டும் அதையே பார்த்து எழுதியவை. அவற்றைத் துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, எந்த ஆவணத்தின் பேரில் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் உங்கள் தாளில் ஏற்றாதீர்கள்.

எங்கள் கோப்பிலும் ஓர் இடம் காலியாக இருக்கிறது: அவருடைய தாய். 1850 தாளில் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். அவருக்குத் தாயாக இருக்க முடியாத அளவுக்கு இளையவள். சிற்றன்னையாக இருக்கலாம், மூத்த அக்காவாகவும் இருக்கலாம். 1840 தாளில் அந்த வீட்டில் முப்பதுக்கு மேல், நாற்பதுக்குள் ஒரு பெண் என்று ஒரு கோடு மட்டும் இருக்கிறது. நடுவிலுள்ள பத்து ஆண்டுகளில் அவள் தகப்பனாரோ அண்ணனோ ஒரு உயில் எழுதியிருக்க வேண்டும். கவுண்டியின் பழைய எல்லைப்படி பார்த்தால் அது பக்கத்துக் கவுண்டி நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். அங்கே போக மகள் வீட்டிலிருந்து நாலு மணி நேரம். அடுத்த விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.